பதினொன்றாம் நம்பரில் பூச்சி

விளக்கைச் சுற்றி வந்து விழும் விட்டிலைத்தான் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் நாட்களையெல்லாம் எடுத்துக்கொண்டது வெயிலில் பறக்கும் ஓர் அந்துப்பூச்சி. கோலா சிலாங்கூர் கடலோரத் தென்னந்தோட்டங்கள்தான் அதன் வீடு. விரல் நகத்தளவுதான் இருக்கும். கரும்பழுப்புச் சிறகு, ஓரத்தில் மஞ்சள் தூளைத் தொட்டு இழுத்தாற்போல ஒரு கோடு. இரவெல்லாம் ஓலைக்கடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். விடிந்து, பனி காய்ந்து, முதல் வெயில் மரத்தின் உச்சிக்கு வந்ததும் எழுந்திருக்கும்.

அந்த நேரத்தில் நீங்கள் தோட்டத்தின் கடைசியில், உப்புத் தண்ணீரைத் தடுக்கப் போட்ட மண்கரை மேல் நின்றிருக்க வேண்டும். ஒரு பக்கம் உப்புச் சேற்றில் வளரும் பாக்காவ் மரக் காடு. அதற்கு அப்பால் கடல் இருப்பது வாசனையில்தான் தெரியும். மறுபக்கம் வரிசை வரிசையாகத் தென்னை, அதன் நிழலில் கொக்கோ, நடுவே கறுப்புத் தண்ணீர் ஓடும் வாய்க்கால்கள். ஓலைகளின் அடியிலிருந்து ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியாதபடி அந்தச் சின்ன உயிர்கள் வெயிலுக்குள் இறங்கும். பறக்கின்றன என்று சொல்ல மனம் வராது, மிதக்கும். சத்தமே இருக்காது. வெயில் ஏறினால் மறுபடி ஓலைக்கடிக்குப் போய்விடும், சாயங்காலம் இன்னொரு தடவை வரும். அவற்றை ஒழிப்பதற்காகச் சம்பளம் வாங்கியவன் நான். ஆனாலும் அவை எனக்குப் பிடித்திருந்தன. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கெடுதல் செய்வது அதன் புழு. ஓலையின் அடிப்பக்கத்தை நகத்தால் கீறியதுபோலச் சுரண்டித் தின்னும். புழு பெருத்துவிட்டால் ஒரு மாதத்துக்குள் தோப்பே தீயில் வாட்டியதுபோல் ஆகிவிடும். காய் பிடிப்பதற்கு ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இந்தப் புழுவுக்கு ஓர் எதிரி உண்டு. பார்த்தால் வீட்டு ஈ மாதிரியே இருக்கும் ஓர் ஈ. புழுவின் மேல் முட்டையிட்டுவிட்டுப் போகும். ஈயின் குஞ்சு புழுவை உள்ளிருந்தே தின்று முடிக்கும். ஈ ஜெயிக்கிறதா, புழு ஜெயிக்கிறதா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஓலையை வெட்டிப் போட்டு, உயிருள்ள புழு எத்தனை, ஈ தின்று செத்த புழு எத்தனை என்று எண்ண வேண்டும். தோட்டத்தில் எழுத்தரைக் கிராணி என்பார்கள், எனக்குப் ‘பூச்சிக் கிராணி’ என்று பெயர். முகத்துக்கு நேரே ‘ஐயா’ என்பார்கள், முதுகுக்குப் பின்னால்தான் பூச்சி.

எண்பதுகளின் நடுவில் நான் இருந்த தோட்டத்தில் புழு பெருகியது. மேனேஜர் எல்லா இடத்துக்கும் மருந்தடிக்கலாம் என்றார். அவர் மலாய்க்காரர், தோட்டத்துத் தமிழை நம்மைவிட நன்றாகப் பேசுவார். நான் பொறுக்கச் சொன்னேன். ஈ வந்துவிட்டது, இப்போது மருந்தடித்தால் புழுவோடு ஈயும் சாகும், தப்பிப் பிழைத்த புழுவுக்கு எதிரியே இல்லாமல் போகும் என்று வாதாடினேன். வேலை நிரந்தரமாகாத ஒருவன் அவ்வளவு பேசியிருக்கக் கூடாது. அவர் கடைசியில் ஒரு முடிவு சொன்னார். வாராவாரம் எண்ண வேண்டும். தோட்டத்தை நம்பர் போட்டுப் பிரித்திருந்தார்கள், எந்த நம்பரில் புழு கைமீறுகிறதோ அந்த நம்பருக்கு மட்டும் மருந்து. இது எனக்குப் பெரிய வெற்றி. அந்த வாரம் தரையில் கால் படாமல் நடந்தேன்.

எண்ணுவதற்கு மூன்று பெண்கள். மூங்கில் கழியின் நுனியில் அரிவாள் கட்டி ஓலையை அறுத்துப் போடுவார்கள், உட்கார்ந்து எண்ணுவார்கள். அவர்களுக்குத் தலைவி பாக்கியம். நாற்பதைத் தாண்டியவர். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நாலாவது வரை படித்தவர், எழுத்து முத்துமுத்தாக இருக்கும். மற்ற இருவரும் எண்ணிச் சொல்ல, அவர்தான் தாளில் எழுதுவார்.

ஒரு வாரம் பதினொன்றாம் நம்பர் தாள் வந்தது. மண்கரையை ஒட்டிய இடம் அது, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கும் பக்கம். மற்ற மரங்களுக்கெல்லாம் நேராக எண்கள் இருந்தன. ஒன்பது மரங்களுக்கு நேராக மட்டும் எண் இல்லை. ‘பூச்சி’ என்று எழுதியிருந்தது. ஒன்பது தடவை, அதே முத்து எழுத்தில், பூச்சி, பூச்சி, பூச்சி.

எண்ண முடியாத அளவுக்குப் பூச்சி என்று நான் புரிந்துகொண்டேன். மேனேஜரிடம் அவ்வளவு வாதாடிய வாய் என்னுடையது. வழியில் பாக்கியத்தைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்தினேன்.

“என்னக்கா, பதினொண்ணுல பூச்சி அவ்வளவு நெறையவா?”

“ஆமாங்கையா. இந்த வாரம் ரொம்ப நடமாட்டம். நாங்க கிட்டவே போகல.”

“பெருசா, சின்னதா?”

“பெருசு ஒண்ண நானே பாத்தேன். குட்டியும் இருக்கு.”

“கலைச்சுப் பாத்தீங்களா?”

“ஐயோ, கலைச்சா நம்ம மேலயே வருமே ஐயா.”

வரும்தான். ஓலையை உலுக்கினால் அந்துப்பூச்சி முகத்தில் வந்து மோதும். இதற்கா பயப்படுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. அலுவலகத்துக்குப் போய், பதினொன்றாம் நம்பருக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மருந்து லோரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் மருந்தடிப்பதற்கு முன் அந்த ஒன்பது மரத்தின் எண்ணிக்கை எனக்கு வேண்டியிருந்தது. எவ்வளவு தோற்றேன் என்றாவது தெரிய வேண்டுமல்லவா.

மறுநாள் விடிகாலை பெரட்டில், வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, பாக்கியத்தைப் பார்த்துச் சொன்னேன்:

“இன்னைக்கு முதல் வேலையா பதினொண்ணுக்குப் போங்க. அந்த ஒம்பது எடத்துலயும் பூச்சிய எண்ணணும். எனக்குப் பெருசா பாத்து நாலு, உயிரோட, இந்தத் தகரத்துல போட்டுக் கொண்டாங்க.”

பிஸ்கட் தகரத்தை நீட்டினேன். அவர் அதை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

“கையாலயாங்கையா?”

“கையாலதான். குச்சியால குத்தினா செத்துரும். பயப்படாதீங்க, பூச்சி கடிக்காது. எண்ணாம வந்தா இன்னைக்குப் பேர் போட மாட்டேன்.”

பேர் போடுவது என்றால், அன்று வேலை செய்த நாளாகப் பதிவது. பேர் இல்லையென்றால் அந்த நாள் இல்லை. வரிசை அப்படியே அமைதியாகிவிட்டது. என் குரலுக்கு இவ்வளவு மரியாதையா என்று நினைத்துக்கொண்டேன். பாக்கியம் தகரத்தை வாங்கிக்கொண்டார்.

உங்களில் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்து வீடுகளில் பலரும் பாம்பைப் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று ஒரு பயம், ஒரு மரியாதை. ‘பூச்சி’ என்பார்கள். எழுதும்போதும் அப்படித்தான். பதினொன்றாம் நம்பரில் அந்த ஒன்பது மரங்களுக்கு அடியில்தான் தேங்காய் மட்டையைக் குவித்து வைத்திருந்தார்கள். மட்டைக்குள் நல்ல பாம்பு குடியிருந்தது. நான் பிறந்தது கோலா குபு பாருவில், கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்கு இந்த மாதிரிப் பயமெல்லாம் ஆகாது. பாம்பைப் பாம்பு என்றே சொல்ல வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதனால் எனக்கு அந்தச் சொல் தெரியாது. புழுவுக்கு யாராவது குட்டி என்று சொல்வார்களா என்றுகூட யோசிக்கவில்லை.

நான் பாம்பைத்தான் உயிரோடு கேட்கிறேன் என்று அவர்கள் எப்படி நம்பினார்கள் என்று கேட்பீர்கள். சில மாதங்களுக்கு முன் வெளியூரிலிருந்து இருவர் வந்து தோட்டத்தில் பாம்பு பிடித்துச் சாக்கில் கட்டிக்கொண்டு போயிருந்தார்கள். ஆபீசுக்கும் ஏதோ தேவை இருக்கிறது என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு.

பெரட்டு முடிந்ததும் அவர்கள் பின்னாலேயே நானும் போயிருக்க வேண்டும். போகவில்லை. மண்கரை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவன், பாதி வழியில் நின்றுவிட்டேன். அன்று காலை அந்துப்பூச்சிகள் எழுந்ததைப்போல நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. இரவு மழை பெய்திருந்தது. தோப்பு முழுக்க ஆவி. அந்த ஆவிக்குள் வெயில் சாய்ந்து விழுந்த இடத்திலெல்லாம் அவை. மேலே போகின்றனவா, கீழே வருகின்றனவா என்றே தெரியவில்லை. ஒன்பது மணிக்கு மருந்து லோரி வந்தால் இதெல்லாம் தரையில் கிடக்கும் என்று நினைத்தேன். கடைசியாக ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நான் கனவு கண்டுகொண்டிருந்த அந்த நேரத்தில் பாக்கியம் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பெண்கள் மண்கரை மேலேயே நின்றிருந்தார்கள். ஒருத்தி தாலியைக் கையில் பிடித்திருந்தாள். கீழே, மட்டைக் குவியலுக்கு முன்னால் பாக்கியம் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு கொக்கோ இலையில் கற்பூரம் எரிந்து அணையும் நிலையில் இருந்தது. இன்னொரு இலையில் ஒரு முட்டை. தகரம் மூடி திறந்து தயாராக இருந்தது. அவருடைய வலது கை குவியலின் பொந்துக்கு நேராக நீண்டிருந்தது.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. அதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். கற்பூரத்தைப் பார்த்த பிறகும் விளங்கவில்லை. மேலே இத்தனை பூச்சி பறக்கும்போது இவர் ஏன் கீழே தேடுகிறார் என்றுதான் தோன்றியது. சிரித்துக்கொண்டே கேட்டேன்:

“என்னக்கா, மரத்துல இருக்கிறத மட்டைக்குள்ள தேடுறீங்க?”

அவர் திரும்பாமல், உதடு மட்டும் அசைய, மெல்லச் சொன்னார்:

“பூச்சி மரத்துலயா இருக்கும்? உள்ளதான் படுத்திருக்கு ஐயா.”

படுத்திருக்கிறது. ஓர் அந்துப்பூச்சி உட்காரும், ஒட்டும், தொங்கும். படுக்காது. தாளில் இருந்த ஒன்பது ‘பூச்சி’யும், பெருசும், குட்டியும், மேலேயே வரும் என்றதும், பெரட்டின் அமைதியும் எல்லாம் ஒரே நொடியில் வந்து என் மேல் விழுந்தன. அவருடைய விரல்கள் பொந்தின் வாயில் இருந்தன.

கத்தியிருந்தால் அவர் துள்ளியிருப்பார். ஓடியிருந்தால் தரை அதிர்ந்திருக்கும். இதையெல்லாம் யோசித்து முடிவெடுத்தேன் என்று இப்போது பெருமையடித்துக்கொள்ளலாம். உண்மையில் எனக்குக் கால் வரவில்லை, குரலும் வரவில்லை. வந்தபோது, ஆபீசில் தாள் வாங்கும்போது பேசும் குரல்தான் வந்தது.

“அக்கா, போதும். எண்ணி முடிஞ்சிருச்சு.”

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு. உங்களுக்குப் பேர் போட்டாச்சு. கைய மெதுவா எடுங்க.”

கை பின்னால் வந்தது. ஒரு சாண் வந்திருக்கும், அதற்குப் பின்னாலேயே அதுவும் வந்தது. அவசரமில்லாமல் வந்து, கற்பூரத்துக்கும் முட்டைக்கும் நடுவே தலையைத் தூக்கிப் படம் எடுத்தது. பாக்கியத்தின் முழங்காலுக்கும் அதற்கும் ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும்.

“நகராதீங்க ஐயா,” என்றார். அவர் எனக்குச் சொன்னார், நான் அவருக்குச் சொல்லவில்லை.

அப்படியே இருந்தோம். வெயில் இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தது. மேலிருந்து அந்துப்பூச்சிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ஒன்று பாக்கியத்தின் தலைத்துண்டில் வந்து உட்கார்ந்தது, சிறகை ஒருமுறை விரித்து மூடியது. வாய்க்கால் தண்ணீர் ஓடுவது கேட்டது. உலகத்தில் யாருக்கும் எந்த அவசரமும் இல்லாத ஒரு காலை மாதிரி இருந்தது. நான் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். பாம்பு தலையைத் தாழ்த்தியது. ஈரப் புல்லில் நீளமாக ஒரு கோடு போட்டுக்கொண்டு, மண்கரையில் ஏறி, நின்றிருந்த பெண்களுக்குத் தள்ளியே கரையைக் கடந்து, பாக்காவ் காட்டுப் பக்கம் இறங்கிப் போனது.

பாக்கியம் எழுந்து முதலில் தகரத்தை மூடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெண்கள் முன்னால் அழுதேன்.

அழுவதற்கும் நேரம் இல்லை. மருந்து லோரி வரும் நேரம். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். லோரி ஆபீஸ் வாசலில் நின்றது, டிரம்மில் மருந்து கலந்தாகிவிட்டது. உள்ளே போவதற்குமுன் ஒரு நிமிஷம் யோசித்தேன், அதையும் மறைக்கவில்லை. மருந்தடித்துவிட்டால் பதினொன்றாம் நம்பர் தாளை யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை. என் தப்பு மருந்தோடு போய்விடும். ஈயும் போய்விடும், அவ்வளவுதான். ஆனால் சற்றுமுன் பார்த்த அந்தக் கை கண்ணிலேயே நின்றது. உள்ளே போய் நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

மேனேஜர் தாளை எடுத்து அந்த ஒன்பது சொல்லையும் விரலால் தடவிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நீ தமிழ்ப் பிள்ளைதானே?”

“ஆமா சார்.”

“பூச்சின்னா என்னான்னு எனக்கே தெரியுமே லா.”

அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. லோரிக்காரரை நிற்கச் சொல்லிவிட்டு, “ஒம்பது மரமும் இன்னைக்கே எண்ணணும். அவங்க வேணாம், நீ போய் எண்ணு,” என்றார்.

ஆட்கள் நீளக் கழியால் மட்டையைக் கலைத்து ஒதுக்கினார்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் நானே உட்கார்ந்து எண்ணினேன். உயிருள்ள புழுவைவிட ஈ தின்று செத்த புழுதான் அதிகம் இருந்தது. ஒன்பது மரத்திலும் அப்படித்தான். ஈ ஜெயித்துக்கொண்டிருந்தது. லோரி மருந்தோடு திரும்பிப் போனது. பதினொன்றாம் நம்பரில் ஓரமாக இருந்த சில மரங்கள் கருகத்தான் செய்தன, தோப்பு பிழைத்துக்கொண்டது. எனக்கு வேலையும் பிழைத்தது. மேனேஜர் அதைப் பற்றி எழுத்தில் ஒன்றும் வைக்கவில்லை.

இதன் பிறகு என் தாளில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டேன்: போக முடியாத மரம், காரணம். எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் வந்தால், எழுதியவரைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய், அது என்ன என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்களும் அப்படிச் செய்தால் நல்லது. நம் தாய்மொழிதானே என்று இருந்துவிடாதீர்கள்.

பாம்பு வந்த அன்று சாயங்காலமே லயத்துக்குப் போனேன். பாக்கியம் வாய்க்கால் ஓரத்தில் வாத்துகளுக்குத் தவிடு வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய இரண்டு மகள்களும் வாசலில் உட்கார்ந்து பாடம் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும், வரும் வழியெல்லாம் தயார்செய்து வைத்த பேச்சு மறந்துவிட்டது.

“அக்கா, தப்பு என் மேலதான். பூச்சின்னா என்னான்னு எனக்குத் தெரியாது. நான் அந்துப்பூச்சியத்தான் சொன்னேன்.”

“தெரியாதா?”

“சத்தியமா தெரியாதுக்கா.”

அவர் தவிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்தேன். இருக்கட்டும், அதற்குத்தான் வந்தேன். ஆனால் ஒன்று கேட்காமல் என்னால் திரும்ப முடியவில்லை.

“உள்ள பாம்புன்னு உங்களுக்குத் தெரியும். முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. பேர் போகுமேன்னா கைய விடப் போனீங்க?”

“பேர் போனா ஒரு நாள்தானே ஐயா,” என்றார். கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கடிக்காதுன்னு சொன்னீங்க. படிச்சவங்க, தெரிஞ்சுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன்.”